கடற்கரைப் பகுதியில் கறவை மாடுகளுக்கு ஆண்டு முழுவதும் பசுந்தீவனம்

தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பு விளையும் மாதங்களே புல் விளையாத மாதங்களாகும். தை மாதக் கடைசியில் மழை ஓய்ந்து வெயிலும் காற்றும் ஏறும்பொழுது உப்பளங்களில் வேலை தொடங்குகின்றது. அதே நாட்களில் வயல் வரப்புகளிலும் குளத்து உட்புறங்களிலும் பசுமை குறையத் தொடங்குகின்றது. மாசி முதல் புரட்டாசி வரையுள்ள காலம் உப்பளத்தாருக்கு நற்காலம். மாடு வைத்திருக்கும் குடியானவருக்கோ அது கஷ்ட காலம்.

இம்மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டொன்றுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றினால் பெய்துவிடுகின்றது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், ஆனி, ஆடி மாதங்களில் இங்கு வந்து சேருவது காற்றும் புழுதியுமே. தாமிரபரணிப் பாசனமுள்ள ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பக்கங்களில் வைக்கோலுக்குக் குறைவில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசலில் சோளநாற்றுப் படப்பு உண்டு. சாத்தான்குளம், திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் இவ்விரண்டும் அரிது. ஆயினும் மூன்று பகுதிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கோடையில் மாட்டின் வாய்க்கு எட்டும் பச்சை எங்கும் இல்லை என்பதே அக்குறை.

வைக்கோல் மட்டும் போதாமைக்குக் காரணம்

வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் பாலைப் பெருக்காது. நெல் வைக்கோலில் உள்ள புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே. அதிலும் மாட்டுக்குச் செரித்து உதவுவது மிகச் சொற்பம். பச்சைப் புல்லினின்று கிடைக்கும் உயிர்ச்சத்து ‘ஏ’ அதில் இல்லையெனலாம். மூன்று நான்கு மாதங்கள் வைக்கோலையே தின்ற பசு முதலிற் பாலைக் குறைக்கின்றது. பின்னர் உரிய காலத்தில் பருவத்திற்கு வருவதில்லை. சினைப்பட்டாலும் கன்று மெலிந்து, சில சமயங்களில் பார்வைக் குறைவோடும் பிறக்கின்றது. பதின்மூன்று, பதினான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஈனவேண்டிய பசு இருபது மாதங்களுக்கு ஒருமுறை ஈனுமாயின், இடையிலுள்ள ஆறு மாதத் தீனிச் செலவு வெறும் நஷ்டமேயாகும். பால் கூட்டுறவுச் சங்கங்களில் கொழுப்புச் சத்தையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்தே விலை தருகின்றார்கள். ஆகையால் தீனி குறைந்த மாதங்களில் அளவில் மட்டுமன்றி விலையிலும் குடியானவர் இழக்கின்றார்.

இந்த நஷ்டத்தைத் தாங்க இயலாதவர் வைகாசி, ஆனியில் பசுவைச் சந்தைக்கு ஓட்டுகின்றார். அப்பொழுது ஓட்டுகிறவர் பலர், வாங்குகிறவர் சிலர். ஆதலால் விலை பாதியாகின்றது. மழை பெய்த பின் அதே பசுவை முழு விலை கொடுத்து வாங்க அவரால் முடிவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பீடித்த பெரும்பஞ்சத்தில் மனிதர் மாண்டதோடு உழவு மாடுகளும் கறவை மாடுகளும் கணக்கின்றி மடிந்தன. பஞ்ச காலங்களில் சப்பாத்திக்கள்ளியின் முள்ளை நெருப்பில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டதும் உண்டு. இன்று அத்தகைய பஞ்சம் இல்லையெனினும், ஒவ்வொரு கோடையும் மாட்டுத் தொழுவத்தில் ஒரு சிறு பஞ்சமாகவே கழிகின்றது.

வறட்சியோடு வெள்ளமும் இக்கரைக்குப் புதிதன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரில் 689, ஸ்ரீவைகுண்டத்தில் 618 மில்லிமீட்டர். ஓர் ஆண்டுக்குரிய மழை ஒரே நாளில் இறங்கியதால், மாடுகள் இறந்ததன்றி, பிழைத்த மாடுகளுக்கு வைத்திருந்த வைக்கோற்போர்களும் நனைந்து அழுகின. ஆகவே தீவனத்தை விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைக் காப்பது மற்றப் பாதி.

ஒரு பசுவுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

நானூறு கிலோகிராம் எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனமும் 5 அல்லது 6 கிலோ உலர்தீவனமும் வேண்டும். ஆண்டுக்குப் பசுந்தீவனம் மட்டும் 9,125 கிலோ, அதாவது ஒன்பது டன்னுக்குச் சற்று அதிகம்.

இதைச் சிறிய இடத்தில் விளைவிக்க ஏற்றது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். ஆப்பிரிக்க நாட்டு யானைப்புல்லையும் நம் நாட்டுக் கம்பையும் கலந்து இத்தகைய ஒட்டுப்புல் கோயம்புத்தூரில் 1953-ஆம் ஆண்டு முதன்முதலாக உண்டாக்கப்பெற்றது. அதன் வழியில் வந்த கோ.4 2008-ஆம் ஆண்டிலும், கோ.5 2012-ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினால் வெளியிடப்பெற்றன. நல்ல நீரும் எருவும் உள்ள ஆராய்ச்சி வயலில் கோ.5 புல் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 360 டன் தருகின்றது. இது ஏக்கருக்குச் சுமார் 145 டன். குடியானவர் நிலத்தில் ஏக்கருக்கு 100 டன் என்று குறைத்தே கணக்கிடுவது நலம். அவ்வாறாயின் பத்து சென்ட் நிலம் ஒரு பசுவுக்குப் போதும். கிணற்று நீர் சற்று உவர்ப்பாயினும், கோடையில் குறைவதாயினும் பதினைந்து சென்ட் ஒதுக்க வேண்டும்.

பத்து சென்ட்டுக்குச் சுமார் 1,350 கரணைகள் வேண்டும். நிலத்தை நன்கு உழுது, ஒரு டன் தொழுவுரமிட்டு, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும் கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டரும் இடம்விட்டு, இரண்டு கணுவுள்ள கரணைகளை ஒரு கணு மண்ணில் புதையுமாறு நடுதல் வேண்டும். நட்டவுடனும், மூன்றாம் நாளும், பின்னர் பத்து நாட்களுக்கு ஒருமுறையும் நீர் பாய்ச்ச வேண்டும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாட்களில். பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை. தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அறுத்து, ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் பத்து சென்ட்டுக்கு ஆறரைக் கிலோ யூரியா இடலாம். தொழுவம் கழுவிய நீரைப் புல்லுக்கே திருப்பிவிடுகிறவருக்கு இதிலும் குறைத்துக்கொள்ள இயலும்.

இரண்டு பசு வைத்திருப்பவர் இருபது சென்ட் நிலத்தை நாற்பத்தைந்து பாத்திகளாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு பாத்தியும் சுமார் 18 சதுர மீட்டர் இருக்கும். அதில் ஓர் அறுப்புக்கு ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் புல் கிடைக்கும். நாள்தோறும் ஒரு பாத்தி அறுத்தால், நாற்பத்தைந்தாம் பாத்தியை அறுத்து முடித்த மறுநாள் முதற்பாத்தி மீண்டும் அறுப்புக்கு வந்து நிற்கும். கண்டபடி அறுக்கிறவருக்கு ஒரு வாரம் முற்றிய புல்லும் மறுவாரம் இளம்புல்லுமாகக் கிடைத்து, மாட்டின் பாலும் அதற்கேற்ப ஏறி இறங்குகின்றது. அறுத்த புல்லை ஓர் அங்குல நீளத்திற்கு நறுக்கிப் போட்டால் மாடு தண்டைக் கழிப்பதில்லை.

புல்லோடு பயறுவகையும் வேண்டும்

கம்பு நேப்பியரில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. அதையே தனித்து நெடுநாள் கொடுத்தால் மாட்டின் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து குறையும். ஆகையால் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் சேர்த்தல் அவசியம். இதற்கு இப்பகுதியில் ஏற்றது வேலிமசால். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போதும். விதையின் தோல் கடினமானதால், கொதிக்க வைத்து இறக்கி நான்கைந்து நிமிடம் ஆறவிட்ட நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். தொண்ணூறு நாளில் முதல் அறுப்பும், பிறகு நாற்பது நாட்களுக்கு ஒருமுறையும் கிடைக்கும். புரதத்தின் கணக்கில், ஆறு முதல் எட்டுக் கிலோ பயறுவகைத் தீவனம் ஒரு கிலோ அடர்தீவனத்திற்கு ஈடாகும். பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விலை ஏறும் காலத்தில் இது சிறு உதவியன்று.

வேலியோரங்களிலும் கிணற்று மேட்டிலும் அகத்தி, கிளைரிசிடியா, பூவரசு ஆகிய மரங்களை வைத்தால், வேர் ஆழமாகச் சென்று கோடையிலும் தழை தரும். சவுண்டல் தழையும் நல்லதே; ஆயினும் அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. தேரியிலும் கரிசலிலும் தானே வளரும் உடைமரத்தின் காய் வெள்ளாட்டுக்கு உகந்தது. அதை விறகுக்காக வெட்டித் தள்ளுவது பின்னர் வருந்துவதற்கு இடமாகும். சீமைக்கருவேலின் முற்றிய காயை உலர்த்தி இடித்து அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். இடிக்காமல் கொடுத்தால் விதை சாணத்தோடு வெளிப்பட்டு, வயலெங்கும் அம்மரமே முளைக்கும்.

மானாவாரி நிலங்களுக்கு

கிணறு இல்லாத கரிசல் நிலத்தில் சோளமே முதன்மையான தீவனம். 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென வெளியிட்ட கே.12 போன்ற சோள இரகங்கள் தானியத்தோடு தட்டையும் தருவன. தீவனத்துக்கென்றே விதைப்பதாயின் ஏக்கருக்குப் பதினாறு கிலோ விதைத்து, ஊடே காராமணியையும் சேர்க்கலாம். நல்ல மழையில் ஏழெட்டு டன் பச்சை எதிர்பார்க்கலாம். இறவை உள்ளவருக்குக் கோ.எப்.எஸ்.29 என்னும் மறுதாம்புத் தீவனச் சோளம் ஏற்றது. ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை. முதல் அறுப்பு 65 நாளில், பின்னர் 50 நாட்களுக்கு ஒருமுறை.

தேரி மணலில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்து விதைப்பது நலம். இவை குறைந்த மழையில் வேரூன்றி மணலையும் பிடித்து நிறுத்துவன. கடலோரக் கிணறுகளில் மிகுதியாக நீர் இறைப்பதால் உவர்நீர் உள்ளேறும் இடங்களில், புல் நடுமுன் நீரையும் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிப் பார்த்தல் வேண்டும். கால்வாய்க் கசிவுள்ள தாழ்ந்த இடங்களில் எருமைப்புல் தாங்கி வளரும்.

மழைக்காலப் பச்சையைக் கோடைக்கு வைத்தல்

கிணறு வற்றும் நூறு நாட்களுக்கு வழி ஊறுகாய்ப்புல் ஒன்றே. பூத்துப் பால்பிடிக்கும் பருவத்துச் சோளத்தையோ மக்காச்சோளத்தையோ வெட்டி, சற்றே வாடவிட்டு, ஓர் அங்குலமாக நறுக்கிக் குழியில் அடுக்கடுக்காக இட்டு மிதிக்க வேண்டும். கையிற் பிடித்து இறுக்கினால் ஈரம் படவேண்டும், நீர் சொட்டலாகாது. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இனிப்பு இயல்பாகவே உண்டு. புல்லை மட்டும் இடுவதாயின் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ சர்க்கரைப்பாகுக் கழிவோ, விலைபோகாத கருப்பட்டியோ கரைத்துத் தெளிக்கலாம். ஒரு கிலோ உப்பும் சேர்க்கலாம். காற்று எவ்வளவு வெளியேறுகின்றதோ அவ்வளவுக்குத் தீவனம் கெடாதிருக்கும். மேலே கனத்த பாலித்தீன் தாள் விரித்து மண் ஏற்றி மூடினால் நாற்பத்தைந்து நாளில் பக்குவமாகும். மஞ்சள் கலந்த பச்சை நிறமும், புளித்த பழத்தின் மணமும் நல்ல பக்குவத்தின் அடையாளங்கள். கறுத்து நாறுவதையும் பூஞ்சணம் பிடித்ததையும் எறிந்துவிட வேண்டும்.

இங்கே பலர் தவறுவதுண்டு. இரண்டு மாடு உள்ளவர் பெருங்குழி வெட்டித் திறந்தால், நாளொன்றுக்கு எடுப்பது சிறிதாகையால், திறந்த முகப்பில் காற்றுப் புகுந்து மீதி கெடுகின்றது. அவர் ஐம்பது அறுபது கிலோ கொள்ளும் பைகளில் அடைத்து, நாளுக்கு ஒரு பையாக எடுப்பதே தக்கது. குழிதான் வேண்டுமாயின் ஐந்து வீட்டார் கூடுதல் நலம். பத்து மாடுகளுக்குத் தலைக்கு 20 கிலோ வீதம் நூறு நாளைக்கு 20 டன் வேண்டும். இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் பதினைந்து மீட்டர் நீளமும் உள்ள குழி, கனமீட்டருக்கு 500 கிலோ வீதம், இருபத்திரண்டரை டன் கொள்ளும். சேதம் போக இருபது டன் நிற்கும். அதை நிரப்ப மூன்று ஏக்கர் மானாவாரிச் சோளம் போதும். நாள்தோறும் முகப்பில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக எடுபடுமாதலால் கெட இடமில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் ஊர்களில் குழி வெட்டாமல், மேட்டில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி அடைக்க வேண்டும்.

வைக்கோலையும் சத்துள்ளதாக்கலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 60 லிட்டர் நீரில் முற்றிலும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்க வேண்டும். எடுத்தபின் சற்று நேரம் காற்றாட விட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாவை நேரே தின்றாலும், கரைத்த நீரைக் குடித்தாலும் மாடு இறக்கும். ஆதலால் மூட்டையையும் வாளியையும் மாட்டுக்கு எட்டாமல் வைத்தல் கடமை.

எச்சரிக்கை

இளஞ்சோளம் நஞ்சு. நாற்பத்தைந்து நாளுக்கு உட்பட்ட பயிரிலும், மழையின்றி வாடிய பயிரிலும், வாடியபின் மழை கண்டு துளிர்த்த மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருக்கும். கட்டவிழ்ந்த மாடு சில நிமிடம் மேய்ந்தாலே மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைத்தால், சோடியம் தயோசல்பேட் முதலிய மருந்தினால் பிழைப்பிக்க இயலும். பூத்த பின் அறுப்பதே இதற்குக் காப்பு.

வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை, கையில் வேறு இல்லை என்பதற்காகக் கொடுத்தல் கூடாது. அந்நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலின் வழியே குழந்தைகளையும் சேரும். போரும் படப்பும் முன் வெள்ளத்தின் மட்டத்திற்கு மேல் கல்லடுக்கி எழுப்பிய மேடையின் மீதே இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கன

இக்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், முத்துப் பார்களை முன்கூட்டிப் பரிசோதித்து, சிப்பி போதிய அளவில் முதிர்ந்திருந்தாலன்றிச் சலாபம் கூறப்படுவதில்லை. 1961-க்குப் பின் சலாபம் நின்றுபோயிற்று. ஆயினும் கையிருப்பை எண்ணிப் பார்த்தே காரியத்தில் இறங்கும் அவ்வழக்கம் தொழுவத்திற்கும் பொருந்தும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தை மாதக் கடைசியில் ஊரிலுள்ள கறவை மாடுகள் எத்தனை, போரும் படப்பும் எவ்வளவு, இறவைப் புல் வைத்திருப்போர் எவர் என்று ஒரு கணக்கெடுத்தால், ஆனியில் யாருக்குத் தட்டுப்பாடு வரும் என்பது நான்கு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

நீர் வற்றாத ஒரு தோட்டத்தில் ஊருக்கென ஐந்து சென்ட் கரணைப் பாத்தி வைத்தால், முதல் கரணைகளைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, வாகைகுளம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் கேட்டறிந்து வாங்கியபின், மறு ஆண்டு முதல் ஊராரே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். மேய்ச்சல் புறம்போக்கை மூடிய சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, கொழுக்கட்டைப்புல் விதைத்து, ஒரு பாதியை ஒரு பருவம் மேயவிடாமல் காத்தால் மறுபாதி தேய்ந்துபோகாது. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு வளர்ப்போரையும் இந்த ஏற்பாட்டில் கலந்துகொள்ளாவிடில் அது ஒரு மாதமும் நிலைக்காது. வெள்ளக் காலத்தில் மாடுகளை ஏற்றி நிறுத்தும் மேட்டிடத்தைப் புரட்டாசியிலேயே குறித்து ஊரார்க்கு அறிவித்தல் வேண்டும். நீர் ஏறும் இரவில் தும்பு அவிழ்க்கப்படாத மாடு தப்புவது அரிது.

மாத வேலைகள்

ஆடி, ஆவணி: போர் மேடை எழுப்புதல், தீவன நிலத்தைக் கோடையுழவு செய்து வைத்தல்.

புரட்டாசி, ஐப்பசி: சோளமும் காராமணியும் விதைத்தல், கம்பு நேப்பியர் கரணை நடுதல், வரப்பில் அகத்தி வைத்தல்.

மார்கழி, தை: பூத்த சோளத்தை மழையில்லா நாளில் அறுத்துக் குழியிலோ பையிலோ அடைத்தல்.

மாசி, பங்குனி: பிசான வைக்கோலை நன்கு உலர்த்திப் போரிடுதல்; ஒரு பகுதியை யூரியாவில் பக்குவம் செய்தல்.

சித்திரை முதல் ஆனி வரை: இறவைப் பாத்தியில் உள்ளதை அளந்து அறுத்து, குறைவுக்கு ஊறுகாய்ப்புல்லைச் சேர்த்தல்.

பத்து சென்ட் நிலமும், ஒரு குழியில் ஐந்தில் ஒரு பங்கும், உயர்ந்த மேடையில் ஒரு போரும் உடைய குடியானவர் ஆனி மாதத்தில் பசுவைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதில்லை. வரும் புரட்டாசிக்குள் முதற்கட்டமாகப் பத்து சென்ட்டை அளந்து ஒதுக்கி, கரணைக்குச் சொல்லி வைப்பாராயின், அடுத்த கோடையின் பாதிக் கவலை அன்றே தீரும்.